அண்டார்டிகா கப்பல் பயணம்: 100 என்ற எண்ணிலிருந்து கணக்குப் போடுங்கள்

பாளையங்கோட்டை, வண்ணாரப்பேட்டைப் பக்கம் வெளிநாட்டுச் சுற்றுலா ஏற்பாடு செய்யும் முகவர்களின் வாட்ஸ்அப் விளம்பரங்களில் சிங்கப்பூர், துபாய், பாலிக்கு அடுத்தபடியாக இப்போது அண்டார்டிகாவும் எட்டிப் பார்க்கிறது. பணி ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் பெற்றோர், வளைகுடாவிலிருந்து சம்பாத்தியத்தோடு திரும்பியவர்கள் என்று விசாரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். விசாரித்தவர்களுக்குக் குழப்பம்தான் மிச்சம். ஒரு விளம்பரத்தில் நீச்சல் குளம், நாடக அரங்கம் எல்லாம் கொண்ட பெரிய கப்பல், கட்டணம் குறைவு. இன்னொன்றில் 120 பேர் போகும் சிறிய கப்பல். கட்டணம் இரண்டு, மூன்று மடங்கு. இரண்டிலும் அதே பென்குவின் படம், அதே பனிமலை. பிறகு ஏன் இந்த விலை வித்தியாசம்? விசா யார் கொடுப்பது? சிறிய எழுத்தில் ‘பயணத்திட்டம் மாறுதலுக்கு உட்பட்டது’ என்று போட்டிருக்கிறார்களே, அது எந்த அளவுக்கு?

முதலில் வரைபடம்

வடதுருவமும் தென்துருவமும் ஒன்றுபோலத் தோன்றினாலும் அமைப்பில் நேர் எதிர். ஆர்க்டிக் என்பது நிலங்கள் சூழ்ந்த கடல். அதன் மேலே மிதக்கும் பனிப்படலம். அண்டார்டிகா கடல் சூழ்ந்த கண்டம். பரப்பு சுமார் 1.4 கோடி சதுர கிலோமீட்டர். அதன் மேல் கிடக்கும் பனிக்கட்டியின் சராசரித் தடிமன் ஏறக்குறைய 2 கிலோமீட்டர். வெள்ளைக் கரடி வடக்கே மட்டும். பென்குவின் தெற்கே மட்டும். இரண்டையும் ஒரே படத்தில் போட்டிருக்கும் விளம்பரத்தை நம்ப வேண்டியதில்லை.

திருநெல்வேலிக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. நம் ஊர் கிழக்குத் தீர்க்கரேகை 77.7 பாகையில் இருக்கிறது. அண்டார்டிகாவில் இந்தியாவின் பாரதி ஆய்வு நிலையம் 76.2 பாகையில். அதாவது கன்னியாகுமரிக் கரையில் நின்று நேர் தெற்கே பார்த்தால், கிட்டத்தட்ட அதே கோட்டில், இங்கிருந்து ஏறத்தாழ 8,700 கிலோமீட்டர் தொலைவில் இந்தியக் கொடி பறக்கிறது. நடுவே பெரிய நிலப்பரப்பு ஏதும் கிடையாது. இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ஓரிரு பொட்டுத் தீவுகள், அவ்வளவுதான்.

அப்படியென்றால் தூத்துக்குடியிலிருந்து நேரே கப்பல் விடலாமே என்று தோன்றும். விடுவதில்லை. சுற்றுலாப் பயணிகளில் மிகப் பெரும்பாலோர் போவது அண்டார்டிகத் தீபகற்பத்துக்கு. அது தென் அமெரிக்காவை நோக்கிக் கையை நீட்டியதுபோல வடக்கே வளர்ந்திருக்கும் பகுதி, நமக்கு உலகத்தின் மறுபக்கம். அர்ஜென்டினாவின் தென்கோடித் துறைமுகமான உஷுவையாவிலிருந்து அது சுமார் 1,000 கிலோமீட்டர். இரண்டு நாள் கப்பல். பாரதி இருக்கும் கிழக்குப் பக்கம் போவதென்றால் எந்தக் கண்டத்திலிருந்து கிளம்பினாலும் பல நாள் திறந்த கடல். நம் விஞ்ஞானிகளே கேப் டவுன் வழியாகத்தான் போகிறார்கள். ஆகவே நமக்கு நேர் தெற்கே இருக்கும் கண்டத்துக்குப் போக, நாம் முதலில் 14,000 கிலோமீட்டர் பறந்து உஷுவையாவுக்குப் போக வேண்டும்.

நிலம் யாருடையது, அனுமதி யாருடையது

1959 டிசம்பர் 1 அன்று 12 நாடுகள் கையெழுத்திட்டு, 1961இல் நடைமுறைக்கு வந்தது அண்டார்டிக ஒப்பந்தம். அதற்கு முன்பே பிரிட்டன், பிரான்ஸ், நார்வே, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிலி, அர்ஜென்டினா ஆகிய ஏழு நாடுகள் ‘இந்தத் துண்டு என்னுடையது’ என்று கோரியிருந்தன. ஒப்பந்தம் அந்தக் கோரிக்கைகளை ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை, அப்படியே உறையவைத்தது. ராணுவ நடவடிக்கை கூடாது, அறிவியலுக்கு முதலிடம் என்றது. 1991இல் மாட்ரிட்டில் கையெழுத்தாகி 1998இல் அமலுக்கு வந்த சுற்றுச்சூழல் நெறிமுறை, கனிமம் தோண்டுவதற்கும் தடை போட்டது.

இந்தியாவின் முதல் பயணக் குழு எஸ். இசட். காசிம் தலைமையில் 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து கிளம்பியது. 1983இல் இந்தியா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. தட்சிண் கங்கோத்ரி, மைத்ரி, 2012இல் பாரதி என்று நிலையங்கள் வந்தன. 2022இல் இதற்கென்று இந்திய அண்டார்டிகச் சட்டமும் நிறைவேறியது.

பயணிக்கு இதனால் என்ன?

1. அண்டார்டிகாவுக்கு விசா என்று ஒன்று கிடையாது. அங்கே அரசாங்கம் இல்லை. ‘அண்டார்டிகா விசா ஏற்பாடு செய்து தருகிறோம்’ என்று யாராவது கட்டணம் கேட்டால் அது வெறும் ஏமாற்று வேலை.

2. அனுமதி தேவைப்படுவது கப்பல் நடத்துகிற நிறுவனத்துக்கு. ஒப்பந்த நாடுகளில் ஏதாவது ஒன்றிடம் அது சுற்றுச்சூழல் ஆவணங்களைக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதிக்குள் பயணியும் அடக்கம்.

3. நமக்குத் தேவைப்படுவது போகிற வழியில் இருக்கும் நாடுகளின் விசா: அர்ஜென்டினா, அல்லது சிலி, விமானம் மாறும் நாட்டைப் பொறுத்து இடைத்தங்கல் விசாவும்.

100 என்ற எண்

இனி விலைக் கதை. 1966இல் லார்ஸ்-எரிக் லிண்ட்பிளாட் என்பவர் பயணிகளை அண்டார்டிகாவுக்கு அழைத்துப் போனதைத்தான் இவ்வகைப் பயணத்தின் தொடக்கமாகச் சொல்கிறார்கள். அவருடைய பாணி எளிமையானது: சிறிய கப்பல், கூடவே விஞ்ஞானிகள், கப்பலிலிருந்து ரப்பர் படகில் இறங்கிக் கரையேறுதல். பிறகு நிறுவனங்கள் பெருகின. 1991இல் ஏழு நிறுவனங்கள் சேர்ந்து அண்டார்டிகச் சுற்றுலா நடத்துநர்களின் பன்னாட்டுச் சங்கத்தை அமைத்தன. ஐஆட்டோ என்பது அதன் சுருக்கப் பெயர். அந்தச் சங்கத்தின் விதிகளில் மூன்று நம் பர்ஸை நேரடியாகத் தொடுகின்றன:

1. ஓர் இறங்குமிடத்தில் ஒரு நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் நிற்கக் கூடாது. சில இடங்களில் வரம்பு இன்னும் குறைவு.

2. 500 பயணிகளுக்கு மேல் ஏற்றி வரும் கப்பலிலிருந்து ஒருவர்கூடக் கரையில் கால் வைக்கக் கூடாது.

3. ஓர் இடத்தில் ஒரு நேரத்தில் ஒரு கப்பல்தான்; கரையில் 20 பேருக்கு ஒரு வழிகாட்டியாவது இருக்க வேண்டும்.

இவை மூன்றையும் ஒப்பந்த நாடுகளே 2009 கூட்டத்தில் ஏற்றுக்கொண்டன. இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்துப் பதினொரு நாள் பயணம் என்று வைத்துக்கொள்வோம். போக இரண்டு நாள், வர இரண்டு நாள் திறந்த கடலில். ஏறும் நாளும் இறங்கும் நாளும் கழிந்தால், தீபகற்பத்தில் மிஞ்சுவது நான்கு அல்லது ஐந்து நாள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று திட்டமிட்டாலும் காற்றும் பனியும் ஒன்றிரண்டைத் தின்றுவிடும். எட்டு இறக்கம் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் நேரம் மூன்று, மூன்றரை மணி என்று கொள்வோம்.

100 பேர் போகும் கப்பலில் எல்லோரும் அந்த நேரம் முழுவதும் கரையில் இருக்கலாம். மொத்தம் சுமார் 24 மணி நேரம். 200 பேர் என்றால் இரண்டு குழு. ஒரு குழு கரையில் நிற்கும்போது மற்றது ரப்பர் படகில் பனிமலைகளுக்கு நடுவே சுற்றிவரும். கரையில் ஆளுக்கு 12 மணி நேரம். படகுச் சுற்றும் சேர்வதால் மோசமில்லை. 400 பேர் என்றால் நான்கு குழு. ஆளுக்கு ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம்; பயணம் முழுக்கச் சேர்த்தாலும் ஆறு மணி நேரம்தான். 500ஐத் தாண்டினால் பூஜ்யம். பால்கனியிலிருந்து தொலைநோக்கியில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இறக்கங்களின் எண்ணிக்கையும் நேரமும் நான் எடுத்துக்கொண்ட உதாரணம். உங்கள் பயணத்துக்கு ஏற்ப மாறும். ஆனால் வகுத்தல் மாறாது. சிறிய கப்பலின் கட்டணம் ஏன் அவ்வளவு என்பதற்கு விடை இதில்தான் இருக்கிறது: எரிபொருளும் மாலுமிகளும் வழிகாட்டிகளும் குறைவான தலைகளில் பங்கிடப்படுகிறார்கள், பதிலாக ஒவ்வொரு தலைக்கும் கரையில் அதிக நேரம். கட்டணத்தைக் கரையில் நிற்கும் மணிநேரத்தால் வகுத்துப் பாருங்கள். பல சமயம் 400 பேர் கப்பலே அதிக விலையுள்ளது என்று தெரியவரும். பெரிய கப்பலை ‘அண்டார்டிகா போய்வந்தேன்’ என்று சொல்லிக்கொள்ள மட்டும் வாங்குவது என் கணக்கில் வீண் செலவு. முழங்கால் வலியால் படகில் ஏறி இறங்க முடியாதவர்களுக்கு மட்டும் அது நியாயமான தேர்வு.

டிரேக் நீரிணையும் உவரிக் கரையும்

உஷுவையாவிலிருந்து பீகிள் கால்வாயைக் கடந்ததும் டிரேக் நீரிணை. ஹார்ன் முனைக்கும் தெற்கு ஷெட்லாந்து தீவுகளுக்கும் இடையே சுமார் 800 கிலோமீட்டர் அகலம். உலகின் மிக முரட்டுக் கடல்களில் ஒன்று என்று பெயர் வாங்கியது. காரணம் எளிது. தெற்கு அட்சரேகை 56 முதல் 60 பாகை வரை உலகத்தைச் சுற்றி வந்தால் சில சிறு தீவுகளைத் தவிர குறுக்கே நிலமே இல்லை. மேற்கிலிருந்து வீசும் காற்றைத் தடுக்க மலை கிடையாது. அலையை உடைக்கக் கரை கிடையாது. எவ்வளவு தூரம் காற்று தடையின்றிக் கடலைத் தள்ளுகிறதோ அவ்வளவு உயரமாக, நீளமாக அலை வளரும். அதே இடத்தில் கீழே ஓடுகிறது உலகின் மிகப் பெரிய நீரோட்டம். உலகத்து ஆறுகள் அனைத்தும் சேர்ந்து கடலில் கொட்டும் நீரைப்போல 100 மடங்குக்கும் மேல் அது சுமந்து போகிறது.

இந்தக் கடலைத் திருநெல்வேலிக் கடற்கரை ஏற்கெனவே அறியும். ஏப்ரல், மே மாதங்களில் வானம் தெளிவாக இருக்கும், கச்சான் காற்று அடிக்காது, மழைக்குறி எதுவும் இருக்காது. ஆனாலும் உவரி, கூடுதாழை, இடிந்தகரை, கூட்டப்புளி ஊர்களில் கடல் பொங்கி ஊருக்குள் வரும், கரையில் ஏற்றி வைத்த படகுகளை இழுக்கும். அதுதான் கள்ளக்கடல். ஹைதராபாத்தில் இருக்கும் இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கு முன்னெச்சரிக்கை விடுகிறது. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தபோது, அப்படிப்பட்ட எச்சரிக்கை நடப்பில் இருந்தது.

கள்ளக்கடலின் பிறப்பிடம் நமக்கு நேர் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில். அங்கே புயல் ஒன்று சில நாள் நின்று அடித்தால் பல வகை அலைகள் எழும். குட்டையான அலைகள் சீக்கிரம் அடங்கிவிடும். நெட்டையானவை அடங்காது, நீளம் கூடக் கூட அவற்றின் வேகமும் கூடும். இரண்டு முகடுகளுக்கு இடையே 18 விநாடி இடைவெளி உள்ள அலைக்கூட்டம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் போகும். ஐந்து நாளில் உவரிக்கு வந்துவிடும். நடுக்கடலில் அது படகுக்குக்கூடத் தெரியாது. கரையில் ஆழம் குறையும்போது எழுந்து நிற்கும்.

டிரேக்கில் கப்பலை ஆட்டுவதும் இதே மேற்குக் காற்று வளையம்தான். இடம் மட்டும் வேறு. எனவே ‘டிரேக் எப்படி இருக்கும்’ என்று கேட்டால் ஒரே பதில்: கிளம்புகிற வாரத்தில் புயல் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. சில சமயம் குளம்போலக் கிடக்கும். சில சமயம் 8, 10 மீட்டர் அலை எழும். கப்பலின் பக்கங்களில் துடுப்புபோல நீளும் நிலைப்படுத்திகள் உருளலைக் குறைக்கும். மூக்கு ஏறி இறங்குவதை அவற்றால் தடுக்க முடியாது. குமட்டல் வருகிறவர்கள் நடு அடுக்கில், கப்பலின் நடுப்பகுதியில் அறை எடுப்பது நல்லது. மேல் அடுக்கு ஆடம்பர அறை அதிகம் ஆடும், விலையும் அதிகம். இதைக் கடலுக்குப் போகிற எவரிடம் கேட்டாலும் இலவசமாகச் சொல்வார்.

டிரேக்கைத் தவிர்க்கவும் வழி உண்டு. சிலியின் புன்டா அரேனாஸிலிருந்து கிங் ஜார்ஜ் தீவுக்கு இரண்டு மணி நேரச் சொச்சத்தில் விமானத்தில் போய் அங்கே கப்பல் ஏறலாம். செலவு அதிகம். அங்கிருப்பது சரளைக்கல் ஓடுதளம். மூடுபனி விழுந்தால் விமானம் இறங்காது, ஓரிரு நாள் காத்திருக்க வேண்டிவரும்.

ஓர் இறக்கம் நடப்பது இப்படி

தயாரிப்பு முந்தின நாளே தொடங்கிவிடும். கரைக்குப் போடப் போகும் சட்டை, கால்சட்டை, பை, கேமரா முக்காலி எல்லாவற்றையும் கூடத்துக்குக் கொண்டுவரச் சொல்வார்கள். அங்கே வாக்குவம் கிளீனரும் சிறு கவ்விகளும் இருக்கும். ஜாக்கெட்டின் வெல்க்ரோ பட்டையைப் பிரித்து, இழைகளுக்குள் சிக்கியிருக்கும் புல்விதை, நூல், மண் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். பையின் அடித்தையல், ஷூவின் பள்ளம், பாக்கெட்டின் மூலை எதுவும் பாக்கியில்லை. தாமிரபரணிக் கரையில் நடந்த ஷூவோடு போனால் ஒட்டுப்புல் விதை ஒன்றாவது அகப்படும். இது வீண் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம்: போவா ஆனுவா என்ற சாதாரணப் புல் மனிதர்களோடு போய் கிங் ஜார்ஜ் தீவில் வேர்விட்டுவிட்டது, அதைப் பிடுங்கப் பல ஆண்டு பாடுபடுகிறார்கள்.

மறுநாள் முறை வரும்போது, ரப்பர் பூட்ஸை இளஞ்சிவப்புக் கிருமிநாசினித் தொட்டியில் முக்கி, அடையாள அட்டையைக் காட்டி வெளியே போனதாகப் பதிந்துவிட்டுப் படிக்கட்டில் இறங்க வேண்டும். கீழே ஸோடியாக் என்கிற ரப்பர் படகு அலையில் ஏறி ஏறி இறங்கும். மாலுமி விரலைப் பிடிக்க மாட்டார். முழங்கைக்குக் கீழே கையைப் பிடிப்பார், நாமும் அவருடைய கையை அப்படியே பிடிக்க வேண்டும். ஈரக் கையில் விரல் வழுக்கும், இந்தப் பிடி வழுக்காது. படகில் பத்துப் பேர், ஊதிய பக்கவாட்டில் உட்கார்ந்து போவார்கள். கரையில் ஜெட்டி கிடையாது. காலைச் சுழற்றி வெளியே போட்டு முழங்காலளவு தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டும்.

முதலில் முகத்தில் அடிப்பது நாற்றம். பென்குவின் எச்சம், மீன்கழிவு வாடை. விளம்பரப் படத்தில் வராதது இது ஒன்றுதான். வழிகாட்டிகள் கொடி நட்டுப் பாதை குறித்திருப்பார்கள். பென்குவினிலிருந்து குறைந்தது 5 மீட்டர், ரோமக் கடல்நாயிடமிருந்து 15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பென்குவின் தானாகக் கிட்டே வந்தால் அசையாமல் நிற்க வேண்டும். பாதையில் குறுக்கே வந்தால் அதற்குத்தான் முன்னுரிமை. மெத்தென்ற பனியில் கால் ஆழமாகப் புதைந்தால் அந்தக் குழியை மூடிவிட்டுத்தான் அடுத்த அடி. ஏனென்றால் அதில் விழும் பென்குவினால் ஏறிவர முடியாது. பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் இருக்கும் கூந்தன்குளத்துக்காரர்களுக்கு இந்த ஒழுங்கை யாரும் விளக்க வேண்டியிருக்காது.

கரையில் சாப்பாடு இல்லை, கழிப்பறை இல்லை. இப்போது உட்காரவும் முடியாது. எச்5என்1 பறவைக்காய்ச்சல் 2023 அக்டோபரில் தெற்கு ஜார்ஜியா தீவிலும், 2024 பிப்ரவரியில் அண்டார்டிகப் பெருநிலத்திலும் உறுதியானதிலிருந்து, தரையில் உட்காருவது, மண்டியிடுவது, பையை வைப்பது எல்லாம் கூடாது.

குளிர் பற்றிய பயம்தான் கொஞ்சம் அதிகப்படி. டிசம்பர், ஜனவரி தீபகற்பத்தில் கோடைக்காலம். வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். கடிப்பது காற்று. சைவச் சாப்பாடு முன்கூட்டிச் சொன்னால் கிடைக்கும். ஊறுகாயைக் கப்பல் அறைக்குள் வைத்துக்கொள்ளலாம், கரைக்குக் கொண்டுபோகக் கூடாது.

ஆபத்து எவ்வளவு

2007 நவம்பரில் எக்ஸ்புளோரர் என்ற பயணக் கப்பல் தெற்கு ஷெட்லாந்து அருகே பனிக்கட்டியில் மோதி மூழ்கியது. அவ்வகைப் பயணத்துக்கென்றே 1969இல் கட்டப்பட்ட முன்னோடிக் கப்பல் அது. 154 பேரும் உயிர் தப்பினார்கள். கடல் அமைதியாக இருந்ததும், இன்னொரு பயணக் கப்பல் சில மணி நேரத் தொலைவில் இருந்ததும் காரணம். பனிக்கடல் கப்பல்களுக்கான பன்னாட்டுத் துருவ விதித்தொகுப்பு 2017 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. உதவி வந்துசேர ஐந்து நாளாவது ஆகும் என்று வைத்துக்கொண்டு உயிர்காக்கும் ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. அந்த ஐந்து நாள் என்ற எண்ணே இடத்தின் தனிமையைச் சொல்லிவிடும்.

2022 நவம்பரில் மட்டும் இரண்டு விபத்துகள்: எலிஃபன்ட் தீவருகே ரப்பர் படகு கவிழ்ந்து இருவர் இறந்தனர், உஷுவையாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த கப்பலின் கண்ணாடியைப் பேரலை உடைத்து ஒருவர் இறந்தார். போகிறவர் தொகையோடு பார்த்தால் அரிது. ஆனால் மாரடைப்பு, எலும்பு முறிவு போன்ற சாதாரண அவசரம்தான் உண்மையான கவலை. கப்பலில் மருத்துவர் இருப்பார், மருத்துவமனை இருக்காது.

போவதால் கெடுதலா?

1990களின் தொடக்கத்தில் ஒரு பருவத்துக்கு 10,000க்கும் குறைவானவர்கள் போனார்கள். இப்போது ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. கனரக எண்ணெய் எரிக்கும் கப்பல்களுக்கு 2011 ஆகஸ்ட் முதல் அண்டார்டிகக் கடலில் தடை. அதனால் மிகப் பெரிய கப்பல்கள் சில விலகின. இலகு எரிபொருளுக்கு மாறியவை திரும்ப வந்தன. புகையின் கரித்துகள் பனியில் படிந்தால் பனி கறுத்து, வெயிலை அதிகம் உறிஞ்சி, சீக்கிரம் உருகும். 2022இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுற்றுலாப் பயணியின் பங்காக உருகும் பனி சுமார் 83 டன் என்று மதிப்பிட்டது. போக வர விமானப் புகை இதில் சேராது.

இதில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கடலில் மிதக்கும் பனி உருகினால் கடல் மட்டம் உயராது. நிலத்தின் மேல் கிடக்கும் பனி கடலுக்குள் இறங்கினால் உயரும். அண்டார்டிகாவின் நிலப்பனி முழுதும் உருகினால் கடல் சுமார் 58 மீட்டர் உயரும். அது பல நூற்றாண்டுக் கதை, நாளைக்கு நடப்பதில்லை. ஆனால் ஒரு சிறு பங்கு கரைந்தாலும் நமக்கு ஒரு கூடுதல் சுமை உண்டு. அவ்வளவு பெரிய பனித்திரள் தன் ஈர்ப்பால் சுற்றியிருக்கும் கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. திரள் குறைந்தால் இழுப்பும் குறையும். அந்த நீர் விலகித் தொலைவில் இருக்கும் கரைகளுக்குப் போகும். மேற்கு அண்டார்டிகப் பனி குறையும்போது இந்தியக் கரையில் ஏற்படும் உயர்வு உலகச் சராசரியைவிடச் சற்றுக் கூடவே இருக்கும் என்பது இதனால்தான். கள்ளக்கடல் வரும் நாளில் அந்தச் சில சென்டிமீட்டரும் அலையோடு சேர்ந்துதான் இடிந்தகரைத் தெருவுக்குள் ஏறும்.

‘நேரில் பார்த்தவர்கள் திரும்பி வந்து பனிக்கண்டத்தின் தூதர்களாகிவிடுவார்கள்’ என்று நிறுவனங்கள் சொல்கின்றன. சிலர் ஆகலாம். 83 டன்னுக்கு அது ஈடு என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

வடக்கே போவதென்றால்

செலவையும் தூரத்தையும் குறைக்க நினைப்பவர்களுக்கு நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டம் மாற்று. லாங்யர்பியன் என்ற ஊருக்கு விமானமே போகும். டிரேக் போன்ற கடலும் இல்லை. 1920இன் ஸ்வால்பார்டு ஒப்பந்தத்தில் பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்திலேயே இந்தியாவின் பெயர் இருக்கிறது. 2008 முதல் ஹிமாத்ரி ஆய்வு நிலையமும் அங்கே உண்டு. தீவுகளுக்கு விசா வேண்டாம். ஆனால் நார்வே வழியாகத்தான் போக வேண்டும், தீவுகளோ ஐரோப்பிய நாடுகளின் பொது விசா வளையமான ஷெங்கன் எல்லைக்கு வெளியே. எனவே ஒருமுறை நுழைவு விசா வாங்கிப் போனால் திரும்பி வரும்போது மாட்டிக்கொள்ள நேரும். இருமுறை நுழைவு கேட்டு வாங்குங்கள்.

2025 ஜனவரி 1 முதல் அங்கேயும் எண்ணிக்கைக் கட்டுப்பாடு வந்துவிட்டது: பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் வரும் கப்பலில் 200 பயணிகளுக்கு மேல் கூடாது, குறிக்கப்பட்ட 43 இடங்களில் மட்டுமே இறங்கலாம், வெள்ளைக் கரடியிடமிருந்து 300 மீட்டர், மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கோடையில் நான்கு மாதம் சூரியன் மறையாது. மேலப்பாளையத்திலிருந்து போகிறவர்கள் தொழுகை நேரத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதை மார்க்க அறிஞர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

வடதுருவப் புள்ளிக்கே போக ரஷ்யாவின் அணுசக்திப் பனியுடைப்புக் கப்பலில் பயணிகளை ஏற்றிச் சென்றதுண்டு. அந்தக் கப்பல்களை நடத்தும் நிறுவனம், கூடங்குளம் உலைகளைக் கட்டித்தரும் ரோஸாட்டமின் கீழ்தான் வருகிறது.

முகவரிடம் கேட்க வேண்டியவை

1. கப்பலில் பயணிகள் எத்தனை பேர்? படுக்கை எண்ணிக்கை கேளுங்கள். ‘சிறிய கப்பல்’ என்ற பதிலை ஏற்காதீர்கள்.

2. தீபகற்பத்தில் எத்தனை முழு நாள்? மொத்த நாட்களில் கடல் கடக்கும் நாட்களைக் கழித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

3. நடத்துநர் ஐஆட்டோ உறுப்பினரா? ஆர்க்டிக் என்றால் அதற்கான ஏகோ சங்கத்தில் உறுப்பினரா?

4. காப்பீட்டில் துருவப் பகுதியிலிருந்து நோயாளியை வெளியேற்றும் செலவு சேர்ந்திருக்கிறதா? வயதான பெற்றோரை அனுப்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

5. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அர்ஜென்டினாவும் பிரேசிலும் இந்திய அரசின் பட்டியலில் இருக்கின்றன. சான்றிதழ் இல்லாமல் அங்கிருந்து திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும்; அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள். 60 வயதைக் கடந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது.

6. சொல்லப்படும் விலையில் டிசிஎஸ் வரி சேர்ந்திருக்கிறதா? வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு முகவர் இதைப் பிடிப்பார். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் கையிலிருந்து முதலில் போவது நம் பணம்.

7. உஷுவையாவுக்குக் கப்பல் கிளம்பும் நாளுக்கு இரண்டு நாளாவது முன்பே போய்ச் சேர்கிறோமா? திருவனந்தபுரம் அல்லது சென்னை, பிறகு வளைகுடா, பிறகு புவெனஸ் அயர்ஸ், பிறகு உஷுவையா என்று மூன்று நான்கு விமானம் மாற வேண்டும். ஒன்று தாமதமானால் கப்பல் காத்திருக்காது, கட்டணமும் திரும்பாது.

8. பனியோ புயலோ தடுத்து ஓர் இறக்கம்கூட நடக்கவில்லை என்றால் பணம் திரும்புமா? அநேகமாகத் திரும்பாது. ‘மாறுதலுக்கு உட்பட்டது’ என்ற வரிக்கு அர்த்தம் அதுதான். எங்கே இறங்குவது என்பதைக் கப்பல் தலைவரும் பயணத் தலைவரும் முந்தின இரவு பனி வரைபடத்தையும் காற்றுக் கணிப்பையும் பார்த்து முடிவு செய்வார்கள்; காலையில் அதையும் மாற்றுவார்கள். அதற்குச் சம்மதமில்லாதவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்பே விலகிக்கொள்ளலாம். கட்டிய பிறகு ரத்துக் கட்டணம் மொத்தத் தொகையில் பெரும்பங்கைச் சாப்பிட்டுவிடும்.